முடியாத ஸ்வெட்டரும் முக்கால் ரவிக்கையும்

தையல் பெட்டியைத் திறந்து பார்க்காத வரையில் எல்லாப் பெண்களும் கெட்டிக்காரிகளே. திறந்து பார்த்தால்தான் சங்கதி வெளிவரும். ஒரு கை மட்டும் வைத்த ரவிக்கை, முதுகுப்புறம் மட்டும் பின்னி முடித்த ஸ்வெட்டர், மயிலின் கழுத்து வரை வந்து நின்றுபோன தலையணை உறை, ஜோடியில்லாத ஒற்றைக் காலுறை! இவற்றை யாரும் தூக்கி எறிவதில்லை. ‘லீவில் முடித்துவிடலாம்’ என்று மடித்து வைக்கிறோம். அடுத்த லீவில் அதன் மேலேயே இன்னொன்றை மடித்து வைக்கிறோம்.

கைவேலையை எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லித்தரும் புத்தகங்கள் ஏராளம். ஆரம்பித்தது ஏன் முடியாமல் நிற்கிறது என்பதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ஆகவே தோழியரே, இவ்வாண்டு மலரில் அந்தப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். சிரித்துக்கொண்டே படிக்கலாம், ஆனால் பென்சிலும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும். முதலில் கொஞ்சம் கணக்கு வருகிறது.

தம்பிக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னுவதாக வைத்துக்கொள்வோம். சுற்றளவு 80 செ.மீ. நடுத்தரக் கம்பளி நூலில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி என்றால், ஒரு சுற்றுக்கு 176 கண்ணி. நீளம் 40 செ.மீ.; 10 செ.மீ.க்கு 28 வரிசை வீதம் 112 வரிசை. இரண்டையும் பெருக்கினால் 19,712 கண்ணி! கைகளை இன்னும் தொடவே இல்லை; இது உடம்புப் பகுதி மட்டும்தான். பழகும் கைக்கு நிமிஷத்துக்கு 20 கண்ணி வரும் என்று தாராளமாகவே கொள்வோம். அப்படியானால் ஏறத்தாழ 985 நிமிஷம். வாரத்துக்கு ஒரு தையல் வகுப்பு, வகுப்புக்கு 40 நிமிஷம் என்றால் 25 வாரம். காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு, விளையாட்டு விழா, ஆண்டு விழா ஒத்திகை, ‘ஊசியைக் காணோம்’ என்று தேடும் நேரம் இவற்றையெல்லாம் கழித்துப் பாருங்கள். ஜூன் மாதம் தொடங்கிய ஸ்வெட்டருக்கு மார்ச் மாதத்திலும் கை முளைத்திராது. ‘சோம்பேறி’ என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம். தம்பிக்குக் கணக்குப் புரியாது என்பது வேறு விஷயம். அவன் அதற்குள் இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பான்.

ஸ்வெட்டருக்கும் குழந்தைக்கும் நடக்கும் ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் குழந்தைதான் ஜெயிக்கும். பிறக்கப்போகும் அக்கா குழந்தைக்கென்று தொடங்கிய சட்டை, அந்தக் குழந்தையின் முதல் பிறந்த நாளில் அதனுடைய பொம்மைக்குப் போடப்பட்ட கதை பல வீடுகளில் உண்டு. பொம்மை ஒன்றும் சொல்லாது, நன்றாகவும் இருக்கும்.

இந்த வியாதி நம் காலத்தது அல்ல. கிரேக்க மகாகவி ஹோமரின் ஒடிஸி காவியத்தில் பெனலோப்பி என்ற அரசி வருகிறாள். போருக்குப் போன கணவன் திரும்பவில்லை. மறுமணம் செய்துகொள்ளச் சொல்லிப் பலர் வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். மாமனாருக்கு ஒரு பிரேதத் துணி நெய்து முடித்த பிறகு பதில் சொல்கிறேன் என்றாள் அவள். பகலெல்லாம் நெய்வாள், இரவில் விளக்கை வைத்துக்கொண்டு நெய்ததைப் பிரிப்பாள். இப்படி மூன்று ஆண்டுகள் ஓட்டினாள். நாலாம் ஆண்டு ஒரு பணிப்பெண் காட்டிக் கொடுத்துவிட்டாள். உலக இலக்கியத்திலேயே வேண்டுமென்று கைவேலையை முடிக்காமல் வைத்திருந்த பெண் இவள் ஒருத்திதான் என்று நினைக்கிறோம். மற்ற எல்லாருக்கும் அது தானாகவே நடக்கிறது.

பிரான்ஸ் நாட்டின் பேயோ நகரத்தின் பெயரால் புகழ்பெற்ற 11ஆம் நூற்றாண்டுப் பூத்தையல் துணி ஏறத்தாழ 70 மீட்டர் நீளம். லினன் துணியில் கம்பளி நூலால் ஒரு போரின் கதை முழுவதையும் தைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் கடைசிப் பகுதி இன்று நமக்குக் கிடைக்கவில்லை. காலத்தின் கையில் கிழிந்து போயிருக்கலாம் என்கிறார்கள் அறிஞர்கள். தையல் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வேறொரு சந்தேகமும் தோன்றாமல் இராது.

கைவேலை முடியாமல் நிற்பதற்கு முதல் காரணம் ஆரம்பத்திலேயே ஒளிந்திருக்கிறது. பின்னல் புத்தகம் ஒவ்வொன்றும், ஸ்வெட்டரைத் தொடங்கும் முன் அதே நூலில், அதே ஊசியில் ஒரு சிறு சதுரம் பின்னி, 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லும். யார் கேட்கிறார்கள்? சதுரம் பின்னுகிற நேரத்தில் நாலு வரிசை ஸ்வெட்டரையே பின்னிவிடலாமே என்று தோன்றும். நூலை இறுக்கிப் பிடிக்கும் கை உண்டு, தளர்த்திப் பிடிக்கும் கை உண்டு. 22 கண்ணி விழ வேண்டிய இடத்தில் 20 விழுந்தால், அதே 176 கண்ணி 88 செ.மீ. ஆகிவிடும். அதாவது தம்பிக்குப் பின்னியது மாமாவுக்குச் சரியாக இருக்கும். இறுக்கிப் பிடித்தாலோ தங்கைக்குப் போகும். குடும்பம் பெரிதாக இருந்தால் ஒரு ஸ்வெட்டரும் வீணாகாது என்று தேற்றிக்கொள்ளலாம். ஆனாலும் சதுரம் பின்னுவதே மேல். ஒரே பெண் பரீட்சை சமயத்தில் இறுக்கியும் லீவு நாளில் தளர்த்தியும் பின்னுவாள் என்பதையும் நாம் கவனித்திருக்கிறோம். அப்படிப்பட்ட ஸ்வெட்டரில் காலாண்டுத் தேர்வு எந்த இடத்தில் வந்தது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

நூல் வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாயம் போடும்போது ஒவ்வொரு தொட்டிக்கும் நிறம் சற்றே மாறும். ஆகவே நூல் உருண்டையின் சீட்டில் சாய எண் அச்சிட்டிருப்பார்கள். தேவையான நூல் முழுவதையும் ஒரே எண்ணில் ஒரே நாளில் வாங்கிவிட வேண்டும். ‘இப்போதைக்கு நாலு உருண்டை போதும், மீதியை அப்புறம் பார்க்கலாம்’ என்றால், அப்புறம் போய்ப் பார்க்கும்போது கடைக்காரர் அதே நீலம் என்றுதான் தருவார். கடை விளக்கில் அது அதே நீலமாகவும் தெரியும். வெயிலில் பார்த்தால் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம். இப்படிப் பாதியில் நூல் தீர்ந்து, பொருத்தமான நூல் கிடைக்காமல் பெட்டிக்குள் போனவை எத்தனையோ.

அடுத்தது கண்ணி நழுவுதல். இதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். பின்னல் துணியில் உள்ள நூல் முழுவதும் ஒரே தொடர். ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழே உள்ள கண்ணிக்குள் நுழைந்து அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேலே உள்ளதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஊசி. ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால், அது பிடித்துக்கொண்டிருந்த கீழ்க் கண்ணிக்கு ஆதரவு போய்விடும்; அது நழுவ, அதற்குக் கீழே உள்ளதும் நழுவும். ஏணி போல ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். வகுப்பில் இதைக் கண்டதும் எழும் கூக்குரல் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும். அலறுவதால் கண்ணி ஏறிவிடாது. துணியை இழுக்காமல் மேசை மேல் வைத்து, ஒரு ஊக்கை அந்தக் கண்ணியில் குத்தி நிறுத்த வேண்டும். பிறகு குரோஷா ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்து இழுத்து, அடுத்த படி, அதற்கடுத்த படி என்று ஏறி வந்தால் நழுவியது தெரியாமல் மூடிவிடும். பத்து வரிசை இறங்கியதைக்கூட ஐந்து நிமிஷத்தில் ஏற்றிவிடலாம். இது தெரியாமல் ஊசியை உருவி எல்லாவற்றையும் பிரிப்பவர்கள்தான் அதிகம். பிரிப்பது பின்னுவதைவிட எவ்வளவு வேகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாத வேலை, ஒரு தேநீர் ஆறுவதற்குள் மறுபடி உருண்டையாகிவிடும்.

தையல் மெஷின் விஷயத்தில் கதை வேறு. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவர் 1846-ல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் ஊசியின் காது முனையின் அருகே இருந்தது. கைத்தையல் ஊசிக்குக் காது பின்னால் இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வழி திறந்தது. 1851-ல் ஐசக் சிங்கர் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மேல்நூல் ஊசியோடு துணிக்குள் இறங்குகிறது. ஊசி மேலே எழும்போது விழும் சிறு வளையத்துக்குள் கீழே இருக்கும் பாபின் நூல் நுழைகிறது. இரண்டும் துணியின் நடுவில் கைகோக்க வேண்டும். அதுதான் சரியான தையல். கீழ்ப்புறம் நூல் கொசகொசவென்று கூடு கட்டினால் எல்லாரும் பாபினைத்தான் திட்டுவோம். பெரும்பாலும் குற்றம் மேல்நூலினுடையது. அழுத்திப் பிடிக்கும் பாதத்தைத் தூக்காமல் நூலைக் கோத்தால், இறுக்கத் தட்டுகளுக்கிடையே நூல் சரியாக உட்காராது. நூல் தளர்ந்து கீழே கூடு கட்டும். பாதத்தைத் தூக்கி, நூலை உருவி, மறுபடி முதலிலிருந்து கோத்தால் பத்துக்கு எட்டுத் தடவை கோளாறு தீர்ந்துவிடும். மெஷின்காரரைக் கூப்பிடும் செலவு மிச்சம்.

பாபினைப் பற்றி ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாவாடையின் கீழ் மடிப்பு மூன்றரை மீட்டர் என்றால், கடைசி நாலு விரற்கடை இருக்கும்போதுதான் பாபினில் நூல் தீரும். தீர்ந்தது தெரியாமல் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். விஞ்ஞானம் இதற்கு இன்னும் காரணம் கண்டுபிடிக்கவில்லை.

கைத்தையலிலும் பூத்தையலிலும் வேடிக்கைகள் குறைவில்லை. எம்பிராய்டரி வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு முழுப் பீரியடும் தலை நிமிராமல் ரோஜாப்பூ போட்ட பெண், மணி அடித்ததும் எழுந்தால் வளையமும் கூடவே எழும்! துணியோடு பாவாடையையும் சேர்த்துத் தைத்திருப்பாள். அந்த ரோஜாவைவிட உறுதியான ரோஜாவை யாரும் பார்த்திருக்க முடியாது. ரவிக்கைக்கு இரண்டு கையும் வெட்டி, இரண்டும் இடக் கையாகவே அமைந்துவிடுவது இன்னொன்று. துணியை உட்புறம் உட்புறமாக மடித்து இரண்டையும் சேர்த்து வெட்டினால் இந்த விபத்தே வராது. வெட்டும் முன் பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்து உலர்த்துவதும் அப்படித்தான். நனைக்காமல் தைத்த சட்டை முதல் சலவையில் சுருங்கும். பிறகு பித்தானுக்கும் காஜாவுக்கும் உறவு விட்டுப்போகும்.

காஜா என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு வேலையில் உண்மையான அபாயம் முடிவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. துண்டுகள் எல்லாம் பின்னியாயிற்று, தைத்தாயிற்று. இனிச் சேர்க்க வேண்டும், நூல் முனைகளை மறைக்க வேண்டும், காஜா எடுக்க வேண்டும், பித்தான் வைக்க வேண்டும், ஹெம்மிங் போட வேண்டும். ஒன்றும் கஷ்டமில்லை, ஒன்றும் சுவாரஸ்யமும் இல்லை. பூ வளர்வதைப் பார்ப்பதில் இருந்த சந்தோஷம் காஜா எடுப்பதில் இல்லை. அதனால்தான் பெட்டியில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் ‘இன்னும் கொஞ்சம்தான்’ வகையைச் சேர்ந்தவையாக இருக்கின்றன. தெருக்கோடித் தையற்காரரிடம் பண்டிகைக்கு முதல் நாள் போய்க் கேட்டால் அவரும் அதையேதான் சொல்வார்: ‘எல்லாம் ஆயிடுச்சும்மா, ஊக்கு வைக்கிறதுதான் பாக்கி.’ அந்த ஊக்குக்காக மூன்று தடவை நடந்திருப்போம். அவரைக் குறை சொல்லும் உரிமை நமக்கு உண்டா என்பதைத் தையல் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இந்தச் சேர்ப்பு வேலையைத் தவிர்க்கப் பழங்காலத்தவர் ஒரு வழி கண்டார்கள். துண்டு துண்டாகப் பின்னாமல் நாலைந்து ஊசிகளில் வட்டமாகவே பின்னிவிடுவது. ஜெர்மனியில் 1400-ஐ ஒட்டி மாஸ்டர் பெர்ட்ரம் என்ற ஓவியர் வரைந்த ஒரு பீடப் படத்தில், தேவமாதா இப்படித்தான் வட்டப் பின்னலில் ஒரு சிறு அங்கி பின்னிக்கொண்டிருக்கிறார்கள். பாலன் இயேசு அருகில் புல்தரையில் புத்தகத்தோடு இருக்கிறார். சம்மனசுகள் சிலுவையையும் ஈட்டியையும் ஏந்தி வருகிறார்கள். யோவான் நற்செய்தியில் சொல்லப்படும் தையலில்லாத அங்கி ஓவியரின் மனத்தில் இருந்திருக்க வேண்டும். படத்தை உற்றுப் பார்த்தால் அங்கி ஏறக்குறைய முடிந்துவிட்டது. கழுத்து வேலை நடக்கிறது. பின்னல் தெரிந்த யாரையோ உட்கார வைத்துப் பார்த்துத்தான் அவர் வரைந்திருப்பார் என்பது நம் ஊகம்.

காலுறையின் விரல்நுனியைத் தையல் தடிப்பில்லாமல் மூடும் முறைக்குக் கிச்சனர் தையல் என்று பெயர். முதல் உலகப் போரில் (1914–1918) போர்வீரர்களுக்காக வீடுதோறும் காலுறை பின்னினார்கள். நுனியில் தடிப்பு இருந்தால் நாள் முழுதும் பூட்ஸுக்குள் நடக்கும் கால் புண்ணாகும். அன்றைய பிரிட்டிஷ் போர் அமைச்சரும், அதற்கு முன் 1902 முதல் 1909 வரை இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்தவருமான கிச்சனர் பிரபுவின் பெயர் அந்தத் தையலுக்கு வந்து சேர்ந்தது. மீசையால் புகழ் பெற்ற தளபதியின் பெயரைப் பின்னல் ஊசி பிடிக்கும் பெண்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் முடித்த வேலைக்குத் தனி மதிப்பு இருந்தது. நாகர்கோவிலில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மிஷனைச் சேர்ந்த திருமதி மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். 1855-ல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிவதற்கு முன், அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் லேஸ் வேலையில் சம்பாதித்த பணத்தைக் கொடுத்தே விடுதலை பெற்றார்கள். பாதி லேஸுக்குப் பாதிக் காசு யாரும் கொடுப்பதில்லை என்பதால் அவர்கள் கை எப்படி ஓடியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். 1897-ல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த கன்னியர் நடத்திய மடத்திலும் லேஸும் பூத்தையலும் வளர்ந்தன.

முடித்த பிறகும் கண்டம் ஒன்று காத்திருக்கிறது: சலவை. ஆட்டுக் கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரில் சோப்புப் போட்டுக் கசக்கினால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும். பிறகு எந்த மந்திரத்தாலும் பழைய நிலைக்கு வராது. ஆறு மாத உழைப்பு அரை மணியில் பூனைக்குட்டிக்கு அளவாகிவிடும். குளிர்ந்த நீரில் முக்கி, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்க வைத்து உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தால் நீண்டு அங்கியாகிவிடும். அக்ரிலிக் நூலில் இந்தச் செதில் தொல்லை இல்லை.

எங்கே தொடங்கினால் முடியும் என்று கேட்கும் தோழியருக்கு நாம் சொல்லக்கூடியது பச்சிளங் குழந்தைகளுக்கான தொப்பி. 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறக்கும் குழந்தைகளுக்கு உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளும் சக்தி போதாது. உடலின் அளவோடு பார்க்கத் தலை பெரிது. அதன் வழியே சூடு வேகமாக வெளியேறும். தாயின் மார்போடு குழந்தையை அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பிலும் தலைக்குத் தொப்பி போடுகிறார்கள். வெயில் கொளுத்தும் ஊரிலும் அந்தச் சிறு தலைக்குக் குளிரும்.

மறுபடி கணக்குக்கு வருவோம். 30 செ.மீ. சுற்றுள்ள தலைக்கு 60 கண்ணி ஏற்றினால் 27 செ.மீ. வரும், பின்னல் இழுபடும் என்பதால் அது சரியாகப் பிடிக்கும். 40 வரிசை பின்னினால் 2,400 கண்ணி. நிமிஷத்துக்கு 20 வீதம் 120 நிமிஷம், மூன்றே வகுப்பு! நாலாவது வகுப்பு முழுவதையும் முடிப்பு வேலைக்கு விட வேண்டும். அதை மிச்சம் பிடிக்கப் பார்க்கக் கூடாது. உச்சியில் கண்ணிகளை ஒரே நூலில் கோத்துச் சுருக்கி இறுக்குவது, பக்கத் தையல் போடுவது, நூல் முனைகளை மறைப்பது எல்லாம் அதில் அடங்கும்.

நூல் முனை மறைப்பதை ஸ்வெட்டரில் அழகுக்காகச் செய்கிறோம். குழந்தைத் துணியில் காரணம் வேறு. கையுறையின் உள்ளேயோ காலுறையின் உள்ளேயோ தொங்கும் ஒரு நூல், அசையும் சின்ன விரலில் சுற்றிக்கொண்டு இறுகும். ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் வீங்கும். குழந்தை ஏன் அழுகிறது என்று துணியைக் கழற்றிப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது. ஆகவே முனையைக் குட்டையாக வெட்டிவிட்டால் போதாது. மழுங்கிய ஊசியில் கோத்து, பின்னலுக்குள் 5 செ.மீ. அளவுக்கு ஒரு பக்கம் ஓட்டி, திரும்பவும் எதிர்ப்பக்கம் ஓட்டிய பிறகே நறுக்க வேண்டும். தொப்பிக்கு நாடா, குஞ்சலம், மணி எதுவும் வேண்டாம். ரிப்பன் பூ வைக்கத் துடிக்கும் கைகளை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அளவு பார்க்கக் குழந்தை கிடைக்காது. உரித்த சிறு தேங்காய் ஒன்று ஏறத்தாழ அந்தச் சுற்றளவுக்கு அகப்படும். நாடாவால் அளந்து எடுத்துக்கொள்ளலாம். குடுமியை நீக்கி, நாரில்லாமல் துடைத்துவிட்டுத் தொப்பியை மாட்டிப் பார்க்க வேண்டும். சமையற்கட்டில் வரிசையாகத் தொப்பி போட்ட தேங்காய்களைக் கண்டு வீட்டார் திடுக்கிட்டால் விளக்கிச் சொல்லலாம். தொப்பியை உட்புறம் திருப்பி விரலால் ஒருமுறை தடவி, சிக்கும் நூல் எதுவும் இல்லையென்று தெரிந்த பின் துவைத்து உலர்த்திக் கொடுக்கலாம். தேங்காய் அன்றைக்கே சட்னிக்குப் போய்விடும்.